அப்டேட்டைக் குறைத்தால் ஆபத்து குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையச் சேவைகள் அடிக்கடி முடங்குவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். மக்கள் படும் அவதியைக் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். பணம் கட்டும் நேரம் பார்த்துப் பக்கம் உறைந்துபோகிறது. நேற்று வரை இருந்த பொத்தானை இன்று காணவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால், "அப்டேட் நடக்கிறது, சற்றுப் பொறுங்கள்" என்கிறார்கள். இதிலெல்லாம் எனக்கு மறுப்பு இல்லை. அவர் சொல்லும் தீர்வோடுதான் சண்டை. மாதம் ஒரு முறை மட்டும் அப்டேட், ஒவ்வொன்றுக்கும் மூன்று மேலதிகாரிகளின் கையெழுத்து, வெள்ளிக்கிழமை அறவே கூடாது என்று எழுதியிருக்கிறார். 'தொடர் டெப்ளாய்மென்ட்' (எழுதிய மாற்றத்தை உடனுக்குடன் மக்கள் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) என்ற பெயரில் நிறுவனங்கள் நாளுக்குப் பத்து முறை மக்கள் தலையில் சோதனை நடத்துகின்றன என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்குபவள் நான். கிளவுடில், அதாவது இணையவழி வாடகைக் கணினிகளில், ஓடும் ஒரு முன்பதிவுச் செயலியில், எழுதி முடித்த நிரல் எந்த வழியாக, எப்போது, யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். நாளுக்குப் பல முறை எங்கள் செயலி மாறுகிறது என்பது உண்மைதான். அப்படி மாறும்போது என்ன நடக்கிறது என்று கட்டுரையில் ஒரு வார்த்தை கூட இல்லை என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்னத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். முன்பதிவை ரத்து செய்தால் வரும் மின்னஞ்சலில் தேதி ஒரு நாள் பின்தங்கித் தெரிகிறது. நேர மண்டலக் கணக்கில் வந்த பிழை. ஒருவர் நான்கைந்து வரிகளை மாற்றுகிறார். கூடவே, இதே பிழை இன்னொரு முறை வந்தால் பிடிக்கும்படி ஒரு டெஸ்ட்டும் எழுதுகிறார். இன்னொருவர் அந்த வரிகளைப் படித்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் அது பிரதான கிளையில், அதாவது குழு முழுவதும் பகிரும் மூல நிரலில், மெர்ஜ் ஆகும் (சேரும்). அதற்கு அப்புறம் மனிதக் கை படுவதில்லை. அடுத்தடுத்த படிகளைத் தானாகச் செய்யும் பைப்லைன் என்ற ஏற்பாடு எடுத்துக்கொள்கிறது. நிரலை ஒரே ஒரு முறை பில்ட் செய்து (ஓடக்கூடிய வடிவமாக்கி), அது ஓடத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற பொட்டலமாகக் கட்டி, அந்தக் கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) எண்ணையே அதற்குப் பெயராக ஒட்டுகிறது. 'லேட்டஸ்ட்' என்று பெயர் வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நடுராத்திரியில் "இப்போது ஓடுவது எது?" என்று கேட்டால் "லேட்டஸ்ட்" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

டெஸ்ட்டுகள் எல்லாம் தேறினால் அதே கன்டெய்னர் முதலில் ஸ்டேஜிங் என்ற ஒத்திகை இடத்துக்குப் போகும். அங்கே தேறினால், மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்ஷனுக்குப் போகும். நடுவில் எங்கேயும் மறுபடி பில்ட் கிடையாது. சோதித்த பொருளும் மக்களுக்குப் போகும் பொருளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதித்ததற்கே அர்த்தமில்லை. புரொடக்ஷனிலும் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் போகாது. வரும் கோரிக்கைகளில் 5 சதவீதம் மட்டும் புதிய பதிப்புக்குத் திருப்பப்படும். மீதி 95 சதவீதம் பழையதிலேயே இருக்கும். பிழை விகிதம், பதில் வரும் நேரம் இரண்டையும் பழையதோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டு, 25 சதவீதம், பிறகு முழுவதும். நடுவில் பிழை ஏறினால் கணினியே போக்குவரத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு எங்களுக்குத் தகவல் அனுப்பும். யாரும் எழுந்து வந்து பொத்தானை அமுக்கும்வரை அது காத்திருப்பதில்லை. மக்கள் தலையில் சோதனை என்று கட்டுரையாளர் சொல்வது இதைத்தான் என்றால், இதைவிட எச்சரிக்கையான வழியை அவர் காட்ட வேண்டும்.

சரி, மாதம் ஒரு முறை என்றே வைத்துக்கொள்வோம். அந்த மாதம் முழுக்க நிரல் எழுதுபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. தேதித் திருத்தம், புதிய கட்டண முறை, தேடலை வேகப்படுத்தும் வேலை, யாரோ புதுப்பித்த ஒரு லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) என்று எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். மாதக் கடைசியில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். காலையில் கட்டணப் பக்கம் திறக்கவில்லை. இத்தனை மாற்றத்தில் எது காரணம்? கட்டணத்தில் கை வைத்தவரைத்தான் முதலில் எழுப்புவார்கள். கடைசியில் பார்த்தால் காரணம் அந்த லைப்ரரியாக இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் மாற்றியவருக்கு ஏன் மாற்றினோம் என்பதே மறந்திருக்கும். முழுவதையும் திருப்பி எடுக்கலாம் என்றால், அதற்குள் புதிய கட்டண முறையில் சிலர் பணம் கட்டியிருப்பார்கள். தினமும் வாரினால் தலைமுடியில் சிக்கு விழாது. மாதத்துக்கு ஒரு முறை சீப்பை எடுத்தால் முடியோடுதான் வரும்.

மாத அப்டேட்டில் இன்னொரு வினை உண்டு. அதை வெளியே யாரும் பேசுவதில்லை. மாதம் ஒரு முறைதான் என்று கறாராக இருக்கும் இடங்களில் எல்லாம் 'அவசரத் திருத்தம்' என்று ஒரு பின்வாசல் கட்டாயம் இருக்கும். பாதுகாப்பு ஓட்டை வந்தால் மாதக் கடைசிவரை பொறுக்க முடியாதே. அந்தப் பின்வாசலில் முழு டெஸ்ட் இருக்காது, நேரம் இல்லை. ஸ்டேஜிங் இருக்காது, அதுவும் அடுத்த மாதப் பதிப்போடு குழம்பிக் கிடக்கும். அனுபவசாலி ஒருவர் நேராக சர்வருக்குள் நுழைந்து கையால் மாற்றிவிட்டு வருவார். ஆக, நிதானமாகச் செய்யக்கூடிய சாதாரண மாற்றத்துக்கு ராஜ பாதுகாப்பு, பதற்றத்தில் செய்யும் ஆபத்தான மாற்றத்துக்கு ஒரு காவலும் இல்லை. எங்கள் தேதித் திருத்தம் போகும் பாதையிலேயே அவசரத் திருத்தமும் போகிறது. நாளுக்குப் பல முறை ஓடி ஓடித் தேய்ந்த பாதை என்பதால்தான் அவசரத்திலும் அதை நம்ப முடிகிறது.

கையால் செய்வது என்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் என்ற நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய வர்த்தகத் திட்டத்துக்காகத் தன் மென்பொருளைப் புதுப்பித்தது. மொத்தம் 8 சர்வர்கள். முந்தைய நாட்களில் ஒரு பணியாளர் ஒவ்வொன்றாக நிரலை நகலெடுத்தார். ஏழில் போட்டார், எட்டாவது விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் எந்த விதியும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. அதை எழுப்பும் அடையாளக் குறியையே புதிய நிரலுக்கும் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் புதிய வேலையைச் செய்ய, எட்டாவது மட்டும் பழைய பேயை எழுப்பிக்கொண்டு நிறுத்தாமல் பங்குகளை வாங்கி விற்க ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை எப்போதும் உலுக்கும். சந்தை திறப்பதற்கு முன்பே அந்த அமைப்பு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருக்கிறது. பிழை என்ன என்று அதில் பெயரோடு இருந்தது. ஆனால் அது அலாரமாக வடிவமைக்கப்பட்டதல்ல என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது இன்னும் கொடுமை. என்ன பிரச்சினை என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அடையாளக் குறி அப்படியே இருந்ததால் அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. திரும்பிப் போகும் வழியை முன்கூட்டி நடந்து பார்த்திருக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2013 ஆணையில் இதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. அபராதம் மட்டும் 1.2 கோடி டாலர். மூன்று கையெழுத்தோ, மாதம் ஒரு முறையோ இதைத் தடுத்திருக்காது. எட்டு சர்வருக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டு, எட்டிலும் ஒரே கமிட் ஓடுகிறதா என்று எண்ணிப் பார்க்கும் ஒரு சாதாரண ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) தடுத்திருக்கும்.

கட்டுரையாளர் தன் வாதத்துக்குத் தூணாக நிறுத்தியிருப்பது 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தால் நடந்த சம்பவத்தை. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. எல்லாம் சரி. ஆனால் அதை "அடிக்கடி அப்டேட் செய்ததன் விளைவு" என்று எழுதியிருப்பதுதான் சரியில்லை. அந்த நிறுவனத்தின் முதன்மை மென்பொருள் புதிய பதிப்பாக வரும்போது, அதை எப்போது ஏற்பது, ஒரு பதிப்பு பின்தங்கி இருப்பதா என்றெல்லாம் வாடிக்கையாளர் தீர்மானிக்க முடிந்தது. அன்று போனது மென்பொருள் அல்ல, அது படிக்கும் ஒரு தரவுக் கோப்பு. "நிரல் இல்லையே, வெறும் கோப்புதானே" என்று அதற்கு அந்தப் படிப்படியான பாதை வைக்கப்படவில்லை. ஒரே வீச்சில் எல்லோருக்கும் போனது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய்க் கணினிகள் விழுந்தன. உலகப் பொது நேரப்படி 4.09 மணிக்குப் போன கோப்பை 5.27-க்குத் திருப்பி எடுத்துவிட்டார்கள். என்ன பிரயோஜனம்? விழுந்த கணினி எழுந்து இணையத்தோடு பேசினால்தானே திருத்தம் போய்ச் சேரும்? ஏராளமான கணினிகளுக்கு மனிதர்கள் நேரில் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதே வகைதான் 2019 ஜூலை 2 அன்று, இணையத் தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் நடந்ததும். சாதாரண நிரல் மாற்றங்களை அவர்கள் படிப்படியாகத்தான் அனுப்புவார்கள். தாக்குதல்களைத் தடுக்கும் விதிகள் மட்டும் உடனே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தனியாக ஓர் அதிவேகப் பாதை வைத்திருந்தார்கள். அந்தப் பாதையில் போன ஒரே ஒரு விதி உலகம் முழுக்க இருந்த அவர்களின் சர்வர்களின் சிபியுவை, அதாவது கணக்கிடும் திறனை, முழுதாகத் தின்றது. சுமார் 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. இந்த மூன்று சம்பவங்களையும் அடுக்கிப் பாருங்கள். எந்த இடத்திலும் முறையான பாதை குற்றவாளி இல்லை. பாதைக்கு வெளியே போனதுதான் இடறியிருக்கிறது. கட்டுரையாளரின் யோசனையோ பாதையை இன்னும் குறுக்கி, வெளியே போகும் தேவையை அதிகப்படுத்துகிறது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மேலதிகாரிகள் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சிலர் நல்லவர்களே. ஆனால் மாதம் முழுக்கச் சேர்ந்த மாற்றங்களை எட்டுப் பக்கப் பட்டியலாக நீட்டினால், அதில் எந்த வரி பிழையானது என்று எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்? தலைப்பைப் படிப்பார், "டெஸ்ட் ஆயிற்றா?" என்பார், ஆயிற்று என்போம், கையெழுத்துப் போடுவார். நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான தொழில்நுட்பப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில் இதைத் தனியாகவே பார்த்திருக்கிறார்கள். குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிய இடங்களில் வேலை தாமதமாயிற்று, பழுது பார்க்கும் நேரமும் கூடியது. தோல்வி விகிதமோ குறையவே இல்லை. எங்கள் இடத்திலும் கையெழுத்து உண்டு, ஆனால் அது முன்னால் இருக்கிறது. அந்தப் பகுதியை அறிந்த சக ஊழியர், ஐந்து வரியையும் கண்ணால் படித்துவிட்டுப் போடுவது. படிக்கக்கூடிய அளவில் மாற்றம் இருந்தால்தான் அது நடக்கும். ஆயிரம் வரி வந்தால் அவரும் "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், மனித சுபாவம்.

இது ஏதோ நேற்று முளைத்த மோகம் என்பது போலவும் கட்டுரையில் ஒரு தொனி. புகைப்படத் தளமான ஃபிளிக்கரில் நாளுக்குப் பத்து முறைக்கு மேல் டெப்ளாய் செய்வதைப் பற்றி ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் மேடையில் பேசியது 2009-ல்.

இனி எங்கள் தரப்பில் உண்மையிலேயே கடினமான இடம் எது என்று சொல்கிறேன். கட்டுரையாளர் எங்களைத் திட்ட விரும்பினால் இங்கே திட்டியிருக்கலாம். நிரலைத் திருப்பி எடுப்பது சுலபம், தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸைத் திருப்பி எடுப்பது அப்படியல்ல. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில நிமிடங்களாவது ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று சொன்னேன் அல்லவா? இரண்டுக்கும் டேட்டாபேஸ் ஒன்றுதான். அங்கே 'தொலைபேசி' என்ற நெடுவரிசையின் பெயரை 'கைபேசி' என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். பார்ப்பதற்கு ஒரு வரி வேலை. மாற்றிய அந்த நொடியே பழைய பதிப்பில் இருக்கும் 95 சதவீதம் பேருக்குப் பிழை வரும், அது தேடும் பெயர் அங்கே இல்லை. நிரலை முதலில் மாற்றினாலோ மீதி 5 சதவீதத்துக்குப் பிழை.

எனவே அந்த ஒரு வரியைப் பல டெப்ளாய்களாகப் பிரிப்போம். முதலில் புதிய நெடுவரிசையைக் காலியாகச் சேர்ப்போம், யாரும் அதைத் தொடமாட்டார்கள். அடுத்த டெப்ளாயில் நிரல் இரண்டிலும் எழுதும், பழையதிலிருந்து படிக்கும். பின்னணியில் ஒரு ஸ்கிரிப்ட் பழைய எண்களைச் சிறு சிறு தொகுதியாகப் புதியதுக்கு நகலெடுக்கும். இரண்டும் பொருந்துகின்றன என்று உறுதியானதும், நிரல் புதியதிலிருந்து படிக்கத் தொடங்கும், ஆனால் எழுதுவது இன்னும் இரண்டிலும். திரும்பிப் போக நேர்ந்தால் பழையது காலாவதி ஆகியிருக்கக் கூடாது அல்லவா? பழையதிலிருந்து யாரும் படிக்கவில்லை என்று சில நாள் பார்த்துவிட்டுத்தான் அதில் எழுதுவதை நிறுத்துவோம், கடைசியாக நீக்குவோம். நீக்குவது ஒன்றுதான் திரும்ப முடியாத படி. அதற்கு முன் எந்தப் படியில் நின்றாலும் ஒரு படி பின்னால் வைக்க முடியும். ஒரு பெயர் மாற்றத்துக்கு இவ்வளவா என்று புதிதாகச் சேர்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். மாதம் ஒரு முறைதான் என்றால் இதே வேலைக்கு அரை வருடம் ஆகும். ஆகவே யாரும் செய்யமாட்டார்கள், ராத்திரியில் சேவையை நிறுத்திவிட்டு ஒரே அடியாக மாற்றுவார்கள். நீங்கள் பார்க்கும் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்ற பலகைகளில் பல இப்படி வந்தவை.

அந்தக் காலி நெடுவரிசையைச் சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் அட்டவணையின் அமைப்பை மாற்ற ஒரு கணமாவது முழுப் பூட்டு வேண்டும், அதாவது அந்தக் கணத்தில் வேறு யாரும் அதைப் படிக்கவோ அதில் எழுதவோ முடியாது. அப்போது யாரோ ஒருவரின் நீண்ட அறிக்கை அந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால் நம் கட்டளை அது முடியும்வரை காத்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பின்னால் வரும் சாதாரணக் கோரிக்கைகள் எல்லாம் நம் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடும். கண்சிமிட்டும் நேர வேலைக்காகச் செயலியே நின்றுபோகும். அதனால், சில விநாடிகளில் பூட்டு கிடைக்காவிட்டால் விட்டுவிடு, பிறகு முயற்சி செய் என்று ஒரு கால வரம்பை எங்கள் பைப்லைன் தானாகவே வைத்துவிடுகிறது. மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது.

வாசகர்கள் கவனித்திருக்கக்கூடிய இன்னொன்று. காலையில் திறந்து வைத்த பக்கத்தில் மதியம் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காமல் வெள்ளையாக நிற்கும், ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். அந்தப் பக்கம் காலைப் பதிப்பு. பொத்தானை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பை அமுக்கும்போதுதான் கேட்கும், அதுவும் காலைப் பதிப்பின் பெயரால் கேட்கும். நடுவில் டெப்ளாய் செய்தவர்கள் பழைய கோப்புகளை அழித்துவிட்டிருந்தால், கேட்டது இல்லை என்ற 404 பிழை வரும். கட்டுரையாளர் சொன்ன 'காணாமல் போன பொத்தான்'களில் சில இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். பழைய கோப்புகளைச் சில வாரம் அழிக்காமல் விட்டால் போதும், சேமிப்புச் செலவு ஒன்றும் பெரிதில்லை. இதைச் செய்யாமல் நாளுக்குப் பல முறை டெப்ளாய் செய்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

கட்டுரை தொடவே தொடாத ஆபத்து ஒன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. புரொடக்ஷனுக்குள் நுழையும் சாவி பைப்லைனிடம் இருக்கிறது. 2025 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பைப்லைன்களில் பலர் பயன்படுத்திய, 'டிஜே-ஆக்ஷன்ஸ்' குழுவின் திறந்த மூலத் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) துணைக்கருவி ஒன்றைத் தாக்குபவர்கள் கைப்பற்றினார்கள். அதன் பழைய பதிப்பு எண்களையே தங்கள் தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பதிப்பு எண்ணை நம்பி அதை ஓட்டிய பைப்லைன்கள் தங்கள் ரகசியச் சாவிகளை ஓட்டக் குறிப்புப் பதிவேட்டில் கொட்டின. அந்தத் துணைக்கருவியைப் பயன்படுத்திய நிரல் களஞ்சியங்கள் 23,000-க்கு மேல். கமிட்டின் முழு எண்ணைக் குறிப்பிட்டுப் பூட்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நிரந்தரச் சாவி எதையும் பைப்லைனில் வைக்காமல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில நிமிடம் மட்டுமே செல்லும் தற்காலிக அனுமதியைக் கிளவுடிடம் வாங்கிக்கொள்ளும் முறை சில ஆண்டுகளாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத இடங்கள் இன்னும் ஏராளம். அரசோ வங்கியோ விதி போட நினைத்தால் கையெழுத்தை விட்டுவிட்டு இதற்குப் போடட்டும்.

வெள்ளிக்கிழமை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவிலேயே இதில் இரு கட்சி. எந்த நாளும் செய்யலாம், பயந்தால் பைப்லைன் மீது நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் என்பார் ஒருவர். எனக்கு அவ்வளவு வீராப்பு கிடையாது. மாற்றத்தை எழுதியவர் அடுத்த ஒரு மணி நேரம் மேசையில் இருப்பாரா என்பதுதான் என் கேள்வி. இருந்தால் வெள்ளியும் சரி, இல்லையென்றால் செவ்வாயும் வேண்டாம்.

எல்லா மென்பொருளுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இதயத்துடிப்புக் கருவிக்குள் இருக்கும் நிரலை 5 சதவீத நோயாளிகளிடம் சோதிக்க முடியாது. கைபேசிச் செயலிகள் பயனரின் கைக்குப் போன பிறகு நம் இஷ்டத்துக்குத் திரும்ப வராது. நான் பேசுவது நம் சர்வரிலேயே இருந்து, நாமே திருப்பிவிடக்கூடிய இணையச் செயலிகளைப் பற்றி. அங்கேயும் டெஸ்ட்டே இல்லாத குழு தொடர் டெப்ளாய்மென்ட் போட்டால் பிழைகளை வேகமாக அனுப்பும் இயந்திரம்தான் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் என்னைக் கேட்டால் தானியக்கத்தைக் கடைசியில் வையுங்கள் என்பேன். முதலில் ஒரே கட்டளையில் முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடிய வேண்டும். அதை வேலை நாளில், ஒரு பிரச்சினையும் இல்லாத பகல் பொழுதில், வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். அடுத்தது ஹெல்த் செக். சர்வர் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் போதாது, டேட்டாபேஸைத் தொட முடிகிறதா என்று பார்த்த பிறகே புதிய சர்வர் கோரிக்கைகளை ஏற்கத் தயார் என்று சொல்ல வேண்டும். நிறுத்தப்படும் பழைய சர்வரும், கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் இதற்கு வழக்கமாகத் தருவது 30 விநாடி. இவ்வளவும் இருந்தால் தானியக்கம் தானாக வரும்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஒரு சேவை முடங்கி, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று நிறுவனம் அறிக்கை விட்டால், யார் அனுமதி கொடுத்தார் என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்த மாற்றம் முதலில் எத்தனை சதவீதம் பேருக்குப் போனது, பழைய பதிப்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆயிற்று, அது வழக்கமான பாதையில் போனதா அல்லது அவசரப் பாதையிலா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "எல்லோருக்கும்" என்று பதில் வந்தால் அதையே தலைப்பாகப் போடலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த விளக்கப்படத்தில் ஒரு பிழை. நிரல், பில்ட், புரொடக்ஷன், டெஸ்ட் என்று நான்கு கட்டங்கள் போட்டு, புரொடக்ஷனுக்குப் பிறகு டெஸ்ட் வருவது போல அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். டெஸ்ட் என்ற கட்டம் பில்டுக்கும் புரொடக்ஷனுக்கும் நடுவில் வர வேண்டும். புரொடக்ஷனிலிருந்து முந்தைய பதிப்புக்குத் திரும்பும் அம்பு படத்திலேயே இல்லை, அதையும் சேர்க்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள் என்பதால், திருத்தத்தைப் படத்தோடு வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி